காட்டோரம் கிடந்த ஜெட் விமானங்கள்: 1945-ஆம் ஆண்டுப் புகைப்படங்களைப் படிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட புகைப்படங்களைப் புரட்டும் எவரும் ஒரே மாதிரியான காட்சியைத் திரும்பத் திரும்பச் சந்திப்பார். ஊசியிலை மரங்கள் அடர்ந்த காட்டின் விளிம்பு. அதை ஒட்டி அகன்ற கான்கிரீட் நெடுஞ்சாலை. மரங்களுக்கும் சாலைக்கும் இடைப்பட்ட புல்தரையில், மூக்கில் விசிறி இல்லாத ஒரு போர் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அதன் இறக்கைகளுக்கு அடியில் பெரிய பீப்பாய்களைப் போல இரண்டு எஞ்சின் உறைகள் தொங்கும், அல்லது எஞ்சின் கழற்றப்பட்டு வெறும் உறை மட்டும் இருக்கும். பக்கத்தில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் இடுப்பில் கை வைத்தபடி, இதை என்ன செய்வது என்று தெரியாதவரைப் போல நின்றுகொண்டிருப்பார்.

இத்தகைய படங்களை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு எழும் கேள்வி இயல்பானது. உலகின் முதல் ஜெட் போர் விமானங்கள், எதிரியிடம் இருந்த எல்லாப் போர் விமானங்களையும் விட வேகமானவை, ஏன் இப்படிச் சாலையோரத்தில் பழுதான லாரியைப் போலக் கிடக்கின்றன? விடை அந்தப் படங்களுக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் பாக்கி. அதற்கு விமானப் பொறியியலில் பயிற்சி தேவையில்லை.

முதலில் படத்தில் இருப்பது எந்த விமானம் என்பதை அடையாளம் காண வேண்டும். பெரும்பாலான படங்களில் இருப்பது மெஸ்ஸர்ஷ்மிட் 262. இது 1942 ஜூலை 18 அன்று தெற்கு ஜெர்மனியின் லைப்ஹைம் விமானத் தளத்திலிருந்து ஃபிரிட்ஸ் வென்டல் என்ற சோதனை விமானியின் கையில் முதன்முறையாக முழுக்க ஜெட் எஞ்சின்களின் விசையால் மேலெழுந்தது. சற்றே பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள், குறுக்குவெட்டில் முக்கோணத்தை ஒத்த உடற்பகுதி, மூக்கில் நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள், மணிக்கு ஏறத்தாழ 870 கிலோமீட்டர் வேகம் ஆகியவை இதன் அடையாளங்கள். எஞ்சின் முதுகின் மேல் சுமை போல ஏற்றி வைக்கப்பட்டிருந்தால் அது ஹைன்கெல் 162. ஒல்லியான நீண்ட உடலும் மூக்கு முழுவதும் கண்ணாடியுமாக இருந்தால் அது அராடோ 234. அது குண்டுவீச்சு விமானம், போர் விமானம் அன்று. வாலில் கிடைமட்டச் சிறகே இல்லாமல் குட்டையாக, சக்கரங்களும் இல்லாமல் சறுக்குப் பலகையின் மேல் அமர்ந்திருந்தால் அது மெஸ்ஸர்ஷ்மிட் 163. இது ராக்கெட்டால் பறந்தது, ஜெட் எஞ்சினால் அல்ல. படக்குறிப்பு எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அடுத்ததாகக் கேட்க வேண்டிய கேள்வி, படத்தை யார், எதற்காக எடுத்தார்கள் என்பது. போர்க்காலத்தில் எந்தக் கேமராவும் சும்மா திறக்கப்படவில்லை. சேதமடைந்த ஜெட்களின் படங்களில் ஒரு பகுதி நேச நாட்டுப் போர் விமானங்களில் பொருத்தப்பட்டிருந்த துப்பாக்கிக் கேமராக்களிலிருந்து வந்தவை. விமானி சுடும் விசையை அழுத்தியதும் இந்தச் சிறு கேமராவும் ஓடத் தொடங்கும். அவர் உண்மையிலேயே எதிரியை வீழ்த்தினாரா என்பதைத் தளத்துக்குத் திரும்பிய பின் உறுதி செய்வதற்கான சாட்சி அது. ஆகவே அந்தப் படங்கள் மங்கலாகவும், ஆடியும், தொலைவில் ஒரு சிலுவை வடிவம் புகை கக்குவதாகவும் மட்டுமே இருக்கும். அவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பல படங்களில் ஜெட் விமானம் தரைக்கு மிக அருகில் இருக்கும், சிலவற்றில் அதன் சக்கரங்கள் வெளியே நீட்டப்பட்டிருக்கும். காரணம், முழு வேகத்தில் பறக்கும் மெஸ்ஸர்ஷ்மிட் 262-ஐ நேச நாட்டு விமானங்களால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. ஆனால் அது புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் மெதுவாகவே சென்றாக வேண்டும். எனவே அமெரிக்க விமானிகள் ஜெட் தளங்களுக்கு மேலே சுற்றிக்கொண்டு, அது களைத்து வீடு திரும்பும் வரை காத்திருந்தார்கள். பின்னாளில் ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய சக் யேகர் 1944 நவம்பர் 6 அன்று ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 262-ஐ வீழ்த்தியதும் அது தரையிறங்க முயன்றபோதுதான்.

உயரத்திலிருந்து செங்குத்தாக எடுக்கப்பட்ட உளவுப் படங்கள் வேறு வகை. இங்கிலாந்தில் மெட்மெனம் என்ற ஊரிலிருந்த அரச விமானப் படையின் படப் பகுப்பாய்வு மையத்தில், கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண் அதிகாரியின் தலைமையில், ஜெர்மன் விமானங்களை மட்டும் ஆராயும் ஒரு பிரிவு இயங்கியது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் சில மில்லிமீட்டர் அளவே தெரியும் உருவங்களை அளந்து, விமானத்தின் இறக்கை நீளத்தை அவர்கள் கணக்கிட்டார்கள். ஜெட் விமானங்களைப் பொறுத்தவரை விமானம் கண்ணில் படாதபோதும் அது இருந்த இடம் காட்டிக்கொடுத்தது: சூடான வாயு தரையில் வந்து மோதியதால் புல் கருகி, இருண்ட கோடுகளாகப் படத்தில் பதிந்தது. விமானமே இல்லாத ஒரு படத்தில் விமானத்தைக் காண்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வித்தை.

எஞ்சிய படங்கள் தரையில் நின்றவர்கள் எடுத்தவை. நாம் பெரும்பாலும் காண்பவையும் இவையே. அமெரிக்கத் தரைப்படையின் சிக்னல் பிரிவினரும் பிரிட்டிஷ் படையின் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரர்களும் முன்னேறிச் செல்லும் படைகளோடு சென்று எடுத்தவை ஒருபுறம். சொந்தக் கேமராவோடு வந்த சிப்பாய்கள் வீட்டுக்கு அனுப்ப எடுத்தவை மறுபுறம். இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அதிகாரப்பூர்வமான படத்தில் விமானம் பக்கவாட்டில் முழுமையாகத் தெரியும், இடமும் நாளும் பின்புறம் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். சிப்பாயின் படத்தில் நண்பர் இறக்கையின் மேல் அமர்ந்திருப்பார், விமானத்தின் வால் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும், குறிப்பு என்று ஒன்று இருந்தால் அது நாற்பது ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டதாக இருக்கும். ஆனால் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரர் போகாத மூலைகளுக்குச் சிப்பாய்கள் போனார்கள் என்பதால், இந்த இரண்டாம் வகைப் படங்களை ஒதுக்கிவிடவும் முடியாது.

இனி சேதத்தைப் பார்ப்போம். விசிறி எஞ்சின் கொண்ட விமானம் வயிற்றால் தரையிறங்கினால், அதன் விசிறித் தகடுகள் எப்படி வளைந்திருக்கின்றன என்பதைக் கொண்டு எஞ்சின் அப்போது ஓடிக்கொண்டிருந்ததா என்பதைச் சொல்லிவிடலாம். ஜெட்டில் அந்தத் துப்பு இல்லை. பதிலாக, எஞ்சின் உறைகளின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மெஸ்ஸர்ஷ்மிட் 262-இன் எஞ்சின்கள் இறக்கைக்கு அடியில் தாழ்வாகத் தொங்குவதால், சக்கரங்கள் இறங்காமல் தரையில் அமரும்போது முதலில் தேய்ந்து நசுங்குவது அவையே. உறைகள் அடியில் தட்டையாகி, உடற்பகுதி ஓரளவு முழுதாக இருந்தால், விமானி அதைக் கட்டுப்பாட்டோடு இறக்கியிருக்கிறார் என்று கொள்ளலாம். மூக்கு மட்டும் மண்ணில் புதைந்து வால் உயர்ந்திருந்தால், முன்சக்கரக் கால் முறிந்திருக்கும். அந்தக் கால் இந்த விமானத்தின் பலவீனமான உறுப்புகளில் ஒன்று. சற்று வேகமாகத் தரையைத் தொட்டாலும், தரை கரடுமுரடாக இருந்தாலும் அது மடிந்துவிடக்கூடியது.

தரையில் நின்ற விமானத்தின் மேல் எதிரி விமானம் சுட்டிருந்தால், துளைகள் மேலிருந்து சாய்வாக நுழைந்தவையாக, வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். அருகில் குண்டு வெடித்திருந்தால் ஒரு பக்கம் முழுவதும் சிறிதும் பெரிதுமாகக் கிழிசல்கள் காணப்படும், உலோகத் தகட்டின் ஓரங்கள் உள்நோக்கி மடிந்திருக்கும். 1945 ஏப்ரல் 10 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஒரேநாளில் ஓரானியன்பர்க், பார்ஷிம், பிராண்டன்பர்க்-பிரீஸ்ட் உள்ளிட்ட ஜெட் தளங்களைத் தாக்கின. அத்தகைய தளங்களின் படங்களில் இந்த வகைச் சேதத்தை மிகுதியாகக் காணலாம்.

தகட்டின் ஓரங்கள் வெளிநோக்கிப் பூப்போல விரிந்திருந்தால் கதை வேறு. வெடிப்பு உள்ளிருந்து நிகழ்ந்திருக்கிறது. அதாவது விமானத்தை அழித்தவர்கள் ஜெர்மானியர்களே. பின்வாங்கும் படை எதிரியின் கையில் எதையும் முழுதாக விட்டுச் செல்லக் கூடாது என்பது எல்லாப் படைகளுக்கும் பொதுவான விதி. விமானி அறையில் சிறு வெடிபொருள் வைப்பதும், எஞ்சின் வாயில் கையெறிகுண்டை உருட்டிவிடுவதும் வழக்கமாக இருந்தன. புகழ்பெற்ற விமானி அடால்ஃப் காலண்ட் தலைமையில் தேர்ந்த விமானிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட ஜெட் பிரிவு 44, மியூனிக்கின் ரீம் தளத்திலிருந்து சால்ஸ்பர்க்குக்கு நகர்ந்தது; 1945 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க டாங்குகள் நெருங்கியபோது தன் ஜெட்களைத் தானே அழித்தது. இப்பிரிவின் வேறு சில விமானங்கள் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் அப்படியே விடப்பட்டன. பின்னால் பனி மூடிய மலைகள் தெரிய, வரிசையாக நிற்கும் ஜெட்களைக் கண்டால் இன்ஸ்ப்ரூக்கை நினைவில் கொள்ளலாம். படத்தின் பின்னணியில் உள்ள மலையின் வடிவம் பலமுறை படக்குறிப்பைவிட நம்பகமான முகவரி.

ஆனால் மேற்சொன்ன எந்தச் சேதமும் இல்லாத ஜெட்களின் படங்களே என்னைப் பொறுத்தவரை அதிகம் சொல்பவை. துளை இல்லை, கருகல் இல்லை, கால்கள் முறியவில்லை. எஞ்சின்கள் மட்டும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள அந்த எஞ்சினைப் பற்றிச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெட் எஞ்சினின் அடிப்படை எளிமையானது. முன்வாய் வழியே நுழையும் காற்றை, வரிசை வரிசையான சுழலும் தகடுகள் அழுத்திப் பின்னே தள்ளுகின்றன. எரியறையில் அந்த அழுத்தக் காற்றோடு எரிபொருள் கலந்து எரிகிறது. பொங்கி விரியும் சூடான வாயு பின்வழியே பாய்ந்து விமானத்தை முன்னே தள்ளுகிறது. பாயும் வழியில் அது டர்பைன் என்ற இன்னொரு தகட்டுச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியே முன்னாலுள்ள காற்றழுத்தத் தகடுகளை இயக்குகிறது. சிக்கல் டர்பைனில் இருக்கிறது. அதன் தகடுகள் தணலைப் போலச் சிவக்கும் வெப்பத்தில், நிமிடத்துக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் என்ற வேகத்தில் சுழல வேண்டும். அந்த வெப்பத்தில் சாதாரண எஃகு மெல்ல மெல்ல நீண்டு, பிறகு முறிந்துவிடும். அதைத் தாங்கும் உலோகக் கலவைக்கு நிக்கலும் குரோமியமும் வேண்டும். ஜெர்மனிக்குத் துருக்கியிலிருந்து வந்துகொண்டிருந்த குரோமியத் தாது 1944 ஏப்ரலில் நின்றது; பின்லாந்தின் பெட்சாமோ நிக்கல் சுரங்கங்கள் அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் படையின் கைக்குப் போயின. இந்தப் பற்றாக்குறையை முன்கூட்டியே எதிர்பார்த்த யுங்கர்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள், தங்கள் யுமோ 004 எஞ்சினை அரிய உலோகங்கள் மிகக் குறைவாகச் செலவாகும்படி மாற்றி வடிவமைத்தார்கள். எரியறைகளைச் சாதாரண எஃகில் செய்து, துருவும் வெப்பமும் தாக்காமலிருக்க அலுமினியம் பூசினார்கள். டர்பைன் தகடுகளை உள்ளீடற்றவையாக்கி, உள்ளே குளிர்ந்த காற்றைச் செலுத்தினார்கள்.

இது பொறியியல் சாமர்த்தியம்தான், ஐயமில்லை. ஆனால் அதற்கான விலை எஞ்சினின் ஆயுளில் போய் விழுந்தது. ஓர் எஞ்சின் 10 முதல் 25 மணி நேரம் ஓடினாலே பெரிது. அதன்பின் கழற்றிப் பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டும். விமானி அவசரத்தில் விசைப்பிடியைச் சட்டென்று முன்னே தள்ளினால் எஞ்சினுக்குள் வெப்பம் எல்லை மீறித் தீப்பிடிக்கும், அல்லது அணைந்துபோகும். ஆகவே ஒவ்வொரு ஜெட்டுக்கும் மாற்று எஞ்சின்கள் தொடர்ந்து வந்து சேர்ந்தாக வேண்டும். அவற்றைக் கொண்டுவர வேண்டிய ரயில் பாதைகளோ குண்டுவீச்சில் துண்டு துண்டாகக் கிடந்தன. எஞ்சின் இல்லாமல் முழுமையாக நிற்கும் விமானத்தின் படம் என்றால், எஞ்சினுக்காகக் காத்திருந்து, அது வருவதற்குள் போர் முடிந்துபோன விமானம் என்று பொருள் கொள்ளலாம். அல்லது அதன் எஞ்சின்களைக் கழற்றி, பறக்கக்கூடிய வேறொரு விமானத்துக்குப் போட்டிருப்பார்கள்.

எரிபொருளின் நிலையும் இதையொத்தது. ஜெட் எஞ்சினுக்கு உயர்தரப் பெட்ரோல் வேண்டியதில்லை. டீசலை ஒத்த, தயாரிக்க எளிதான ஓர் எரிபொருளே போதும். ஆனால் எண்ணெய் ஆலைகள் 1944 மே முதல் இடைவிடாமல் தாக்கப்பட்டதாலும், லாரிகளுக்கும் ரயில்களுக்குமே வழியில்லாததாலும், தளங்களுக்கு அது வந்து சேர்வது கடினமாகிவிட்டது. ஓடுபாதை வரை விமானத்தைத் தன் எஞ்சின் விசையில் ஓட்டிச் செல்வதுகூட வீணெனக் கருதப்பட்டு, முன்னால் மோட்டார் சைக்கிள் சக்கரமும் பின்னால் டாங்கைப் போன்ற சங்கிலிப் பட்டையும் கொண்ட சிறு வண்டிகளால் அது இழுத்துச் செல்லப்பட்டது. ஜெட்டுக்கு முன்னால் அந்த விசித்திரமான வண்டி நிற்கும் படங்கள் நிறைய உண்டு. உலகின் மிக வேகமான போர் விமானத்தை மாட்டுவண்டி வேகத்தில் இழுத்துச் செல்லும் அந்தக் காட்சியைவிடச் சுருக்கமாக 1945-ஆம் ஆண்டு ஜெர்மனியை விளக்கும் படம் இருக்குமா என்பது ஐயமே.

மொத்தம் 1,400-க்கும் மேற்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானங்கள் கட்டப்பட்டன. ஆயினும் 1945 மார்ச் 18 அன்று 37 விமானங்கள் ஒன்றாக எழுந்து அமெரிக்கக் குண்டுவீச்சு அணியைத் தாக்கியதே ஜெட்களின் பெரிய தாக்குதல்களில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் நாம் பார்க்கும் புகைப்படங்கள் எல்லாம் கிடக்கின்றன. வானில் தோற்கடிக்கப்பட்டவற்றைவிட, வானத்துக்குப் போகவே முடியாமல் போனவையே அவற்றில் அதிகம்.

சரி, விமானம் ஏன் காட்டோரத்தில் இருக்கிறது? 1943 ஆகஸ்டில் ரேகன்ஸ்பர்க்கிலிருந்த மெஸ்ஸர்ஷ்மிட் தொழிற்சாலை கடுமையாகக் குண்டுவீசித் தாக்கப்பட்டது; 1944-இல் தாக்குதல்கள் மேலும் தொடர்ந்தன. பெரிய கூரைகளின் கீழ் இனி எதையும் கட்ட முடியாது என்றானபோது, உற்பத்தி காடுகளுக்குள்ளும் மலைகளுக்குள்ளும் சிதறடிக்கப்பட்டது. பவேரியாவில் பூர்காவ் என்ற ஊருக்கு அருகே, ‘கூனோ’ என்ற மறைபெயர் கொண்ட காட்டுத் தொழிற்சாலையில், மரங்களின் நிழலில் பாகங்கள் பொருத்தப்பட்டு, முடிந்த விமானங்கள் பக்கத்திலிருந்த நெடுஞ்சாலையையே ஓடுபாதையாகக் கொண்டு பறந்து சென்றன. மியூனிக்–சால்ஸ்பர்க் நெடுஞ்சாலையின் ஓரக் காடுகளிலும் ஜெட்கள் மறைத்து வைக்கப்பட்டன. சாலைக்கு நடுவே புல் வளர்ந்த பிரிப்புப் பட்டையை நிரவிக் கான்கிரீட் போட்டிருப்பதைப் படத்தில் கண்டால், அந்தச் சாலை ஓடுபாதையாக மாற்றப்பட்டது என்று அறியலாம்.

மலைக்குள் நடந்த உற்பத்தியின் படங்களைப் பார்க்கும்போது, சட்டத்துக்குள் இல்லாதவர்களையும் நினைக்காமல் இருக்க முடியாது. ஆஸ்திரியாவில் சாங்க்ட் கியோர்கன் ஊரில் குடையப்பட்ட ‘பெர்க்கிரிஸ்டல்’ சுரங்கங்களில், மவுத்தவுசன் வதைமுகாமின் கிளையான கூசன் முகாமின் கைதிகள் மெஸ்ஸர்ஷ்மிட் 262-இன் உடற்பகுதிகளைச் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்தச் சுரங்கங்களைக் குடைவதிலும் அங்கே உழைப்பதிலும் மாண்டார்கள். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் காலா ஊருக்கு அருகே வால்பெர்ஸ்பெர்க் குன்றில், பல நாடுகளிலிருந்து இழுத்து வரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள் சுரங்கங்களைத் தோண்டினார்கள், குன்றின் உச்சியைச் சமன்படுத்தி ஓடுபாதை அமைத்தார்கள். முடிந்த விமானங்கள் சரிவில் போடப்பட்ட இழுவைப் பாதை வழியே மேலேற்றப்பட்டன. அத்தனைக்குப் பிறகும் அங்கிருந்து பறந்து சென்ற விமானங்கள் மிகச் சிலவே. பளபளக்கும் உலோகத்தைக் காட்டும் படங்கள் இந்த மனிதர்களை அநேகமாகக் காட்டுவதில்லை. ஆகவே ‘அதிசயத் தொழில்நுட்பம்’ என்ற குறிப்போடு சுற்றி வரும் சுரங்கப் படங்களைக் கண்டால், அந்தக் குறிப்பு பாதிதான் சொல்கிறது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

ஹைன்கெல் 162-இன் படங்களும் சுரங்கத்தில் தொடங்குகின்றன. டார்டுன் என்ற இடத்தில் ஓர் உப்புச் சுரங்கத்துக்குள் பாதி முடிந்த உடற்பகுதிகள் வரிசையாக நிற்கும் படங்களை அமெரிக்கர்கள் எடுத்தார்கள். உலோகம் தட்டுப்பாடாக இருந்ததால் இந்த விமானத்தின் இறக்கைகள் மரத்தால் ஆனவை, பசையால் ஒட்டப்பட்டவை. 1944 டிசம்பர் 6 அன்று முதலில் பறந்தது; நான்கே நாள் கழித்து, அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, பசை விட்டு இறக்கையின் முன்விளிம்பு பிய்ந்து, விமானம் விழுந்து அதன் சோதனை விமானி இறந்தார். போர் முடிந்தபோது டென்மார்க் எல்லைக்கு அருகே லெக் தளத்தில் இந்த விமானங்கள் இரு வரிசைகளாக ஒழுங்காக நிறுத்தி வைக்கப்பட்டு, அப்படியே பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்கப்பட்டன. லெக் படங்களில் காணும் அந்த ஒழுங்கு, சால்ஸ்பர்க்கின் சிதைவுகளுக்கு நேர் எதிரானது. போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு விமானங்களை அழிக்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.

விமானத்தின் உடலில் எழுதப்பட்டவற்றைப் படிக்கக் கற்றால் ஒரு படம் ஒரு குறிப்பிட்ட விமானத்தின் வரலாறாக மாறிவிடும். வாலின் செங்குத்துப் பகுதியில் ஆறு இலக்க எண் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது தொழிற்சாலை இட்ட எண், மனிதரின் கைரேகையைப் போல மாறாதது. உடற்பகுதியில் பெரிதாக இருக்கும் எண்ணோ எழுத்தோ படைப்பிரிவு இட்டது. விமானம் பிரிவு மாறினால் அதுவும் மாறும். சிலுவைக் குறியின் இடப்பக்கம் ‘9’ என்ற இலக்கத்தோடு ஓர் எழுத்தும் சேர்ந்த குறியீடு இருந்தால், ஜெட்டைக் குண்டுவீசப் பயன்படுத்திய 51-ஆம் குண்டுவீச்சுப் பிரிவை நினைக்கலாம். வாலுக்கு முன்னால் நீலமும் சிவப்புமான பட்டை இருந்தால் 7-ஆம் போர் விமானப் பிரிவு.

ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலமும் சிவப்பும் எப்படித் தெரியும்? இங்கே தொடக்க நிலையினர் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். அக்காலத்தில் இரு வகைப் படச்சுருள்கள் புழக்கத்தில் இருந்தன. ஒருவகை எல்லா நிறங்களையும் உணரும். மற்றொன்று சிவப்பை உணராது, ஆகவே அதில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். ஒரே விமானத்தின் ஒரே எண், ஒரு படத்தில் கறுப்பாகவும் இன்னொன்றில் சாம்பலாகவும் இருக்கக் காரணம் இதுவே. ‘இது மஞ்சள் எண்’, ‘இது சிவப்பு எண்’ என்று ஒரே படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம். இன்று கணினியால் நிறமேற்றப்பட்டுப் பரவும் படங்களின் நிறத்தையோ சான்றாகக் கொள்ளவே கூடாது.

நிறத்தைவிட நம்பத்தக்கது, நிறம் இல்லாத இடம். பல விமானங்களின் உடலில் தகடுகள் சேரும் கோடுகளெல்லாம் வெளிறிய பட்டைகளாகத் தெரியும். கார் பட்டறையில் ஒடுக்கெடுத்த பின் பட்டி பார்ப்பதைப் போல, தகடுகளின் இடுக்குகளில் பட்டி தடவித் தேய்த்து, காற்று வழுக்கிச் செல்லும்படி சமன்செய்வது இந்த விமானத்தின் தயாரிப்பு முறை. அதன் மேல் வண்ணம் பூசாமல் விட்டிருந்தால், விமானம் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்தது, பூச்சுக்குக்கூட நேரமில்லை என்று அறியலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 111711 என்ற எண் கொண்ட விமானம். 1945 மார்ச் 30 அன்று ஹான்ஸ் ஃபாய் என்ற மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனச் சோதனை விமானி, வேறொரு தளத்துக்குக் கொண்டுபோக வேண்டிய இந்தப் புத்தம்புது ஜெட்டை, ஃபிராங்க்ஃபர்ட்டின் ரைன்-மைன் தளத்தில் அமெரிக்கர்களிடம் கொண்டுவந்து இறக்கினார். முழுதாக அவர்கள் கைக்கு வந்த முதல் மெஸ்ஸர்ஷ்மிட் 262 அது. வெறும் உலோகமும் பட்டிக் கோடுகளுமாக, உடம்பெங்கும் கட்டுப்போட்ட நோயாளியைப் போல நிற்கும் அதன் படங்கள் எல்லாக் கோணங்களிலும் எடுக்கப்பட்டன; இந்த வகை விமானத்தின் மிகத் தெளிவான படங்களில் சில அவை.

பெரும்பாலான விமானங்களுக்கு அத்தகைய கவனிப்பு கிட்டவில்லை. வாலில் ஸ்வஸ்திகா இருக்க வேண்டிய இடத்தில் சதுரமான ஓட்டை இருக்கும் படங்களைக் காணலாம்; அது குண்டு துளைத்த ஓட்டை அன்று, நினைவுப் பொருளாக யாரோ வெட்டி எடுத்துச் சென்றது. கடிகாரங்கள், அளவிகள், விமானியின் இருக்கை என்று கழற்ற முடிந்ததெல்லாம் போனது. ஒரே விமானத்தின் படங்கள் பல கிடைத்தால், எந்தெந்தப் பாகங்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதைக் கொண்டு அவற்றைக் கால வரிசையில் அடுக்கலாம். எறும்பு மொய்த்த பண்டம் போல விமானம் படத்துக்குப் படம் சுருங்கிக்கொண்டே போகும்.

தப்பியவை சிலவே. அமெரிக்க விமானப் படையின் கர்னல் ஹரால்ட் வாட்சன் தலைமையிலான குழு, லெக்ஃபெல்டு தளத்தில் பறக்கக்கூடிய ஜெட்களைத் திரட்டி, மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனத்தின் விமானிகளையும் மெக்கானிக்குகளையும் கொண்டே அவற்றைச் சீர்செய்து, பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்குப் பறந்து சென்றது. வழியில், மூக்கில் நீண்ட 50 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்தப்பட்ட ஒரே ஒரு ஜெட் எஞ்சின் கோளாறால் விழுந்து நொறுங்கியது. மற்றவை 1945 ஜூலையில் ‘ரீப்பர்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் அமெரிக்கா சென்றன. மூக்கில் பெண்களின் பெயர்களும் குறும்பான பெயர்களும் எழுதப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட்களைப் படங்களில் கண்டு குழம்ப வேண்டாம். அவை இந்தக் குழுவினர் தங்கள் விருப்பப்படி எழுதியவை. செக்கோஸ்லோவாக்கியாவில் எஞ்சிக் கிடந்த பாகங்களைக் கொண்டு அந்நாட்டவர் போருக்குப் பின் சில ஜெட்களைத் தாங்களே கட்டினர். அவற்றில் இரண்டு பிராகின் கபெலி அருங்காட்சியகத்தில் உள்ளன. கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலுள்ள 500200 எண் விமானத்தில் போர்க்காலப் பூச்சு இன்னும் எஞ்சியிருக்கிறது; கறுப்பு வெள்ளைப் படங்களின் சாம்பல் நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்க அதைப் போன்ற ஆதாரம் அரிது.

மற்றவை வெட்டப்பட்டு, உருக்கப்பட்டு, அலுமினியமாயின. 111711-ஆம் எண் ஜெட்டுக்கும் நீண்ட ஆயுள் இல்லை. கப்பலேறி அமெரிக்கா சென்று, அங்கே அக்கறையோடு சோதித்துப் பறக்கவிடப்பட்ட அது, 1946 ஆகஸ்டில் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு சோதனைப் பறப்பின்போது எஞ்சின் தீப்பிடித்து விழுந்தது. அதன் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார்.